முந்நூற்றுப் பதினேழாம் எண் படம்

இணையதளத்தில் படம் போடுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தவறான வடிவத்தில்தான் போடுகிறார்கள். சொன்னால் கோபம் வருகிறது. படம் தெரிகிறதா, தெரிகிறது, அப்புறம் என்ன என்பார்கள். எனக்குத் தெரிந்த பல் மருத்துவர் ஒருவர் தன் மருத்துவமனையின் பெயர்ப்பலகையை ஜேபெக்கில் போட்டுவிட்டு, எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தது போலப் புள்ளி புள்ளியாக இருப்பதை மூன்று வருடம் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லைக் காட்டப் போன நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே அதைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. ஊசி போட்டுவிட்டார்.

நேற்று நீங்கள் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டீர்கள். உங்கள் போலீஸ் கணினிப் பிரிவிலிருந்து வந்த பெண்ணும் அதையேதான் கேட்டார். காணாமல் போன ஒருவருடைய ஒரே ஒரு புகைப்படத்துக்கு எங்கள் சர்வரில் ஏன் இருபத்திரண்டு பதிப்புகள் இருக்கின்றன, அத்தனையும் ஏன் திங்கட்கிழமைத் தேதியில் இருக்கின்றன என்று. நியாயமான கேள்வி. வாயால் சொன்னால் நடுவில் குறுக்கிடுகிறீர்கள், எனக்குக் கோர்வையாக வருவதில்லை. அதனால்தான் தாள் கேட்டேன். வடிவங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

எழுத்து, கோடு, நிறுவனத்தின் சின்னம், இவற்றுக்கெல்லாம் பிஎன்ஜி. அதில் ஒரு புள்ளியும் தொலையாது. எத்தனை முறை திறந்து மூடினாலும் போட்டது போட்டபடி இருக்கும். ஜிஃப் என்பது மொத்தமே இருநூற்றைம்பத்தாறு நிறங்களை வைத்துக் குடித்தனம் நடத்துகிற வடிவம். சின்னதாக அசைகிற படத்துக்குச் சரி, மனித முகத்துக்கு ஆகாது, கன்னம் திட்டுத் திட்டாகிவிடும். முகத்துக்கு ஜேபெக்தான். தோலின் நிறம் மெல்ல மாறுவதை அது அழகாகப் பிடிக்கும், கோப்பும் சிறியதாக இருக்கும்.

ஆனால் ஜேபெக் மறதிக்காரன். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் எதையாவது விட்டுவிடும். எதை விட்டால் பார்ப்பவருக்குத் தெரியாதோ அதை முதலில் விடும். பெரிய மூக்கை விடாது, நெற்றியை விடாது. மெல்லிய முடி, தோலில் இருக்கும் சன்னமான கோடு, இவைதான் முதலில் போகும். தரத்தைக் கூட்டி வைத்து ஒருமுறை சேமித்தால் குற்றமில்லை. தரத்தைக் குறைத்து, குறைத்ததையே மறுபடி திறந்து, இன்னும் குறைத்துச் சேமித்தால் முகம் அப்படியே இருக்கும், ஆள் மட்டும் போய்விடுவார். எங்கள் தொழிலில் முதல் மாதமே கற்றுத் தருகிற பாடம் இது. மூலப்படத்தைத் தனியாக வை, அதிலிருந்து மட்டும் நகல் எடு, நகலிலிருந்து நகல் எடுக்காதே.

நான் வேலை பார்த்த இடத்தை நீங்களே வந்து பார்த்தீர்கள். பேட்டரிக் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. காணாமல் போனவர்கள் தகவல் மையம் என்று வாசலில் பலகை. முன் அறையில் மேலாளர் அம்மா. குடும்பத்தார் சொல்வதை எழுதிக்கொள்வார், தொலைபேசியை எடுப்பார், தண்ணீர் கொடுப்பார். சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. பின் அறையில் நான். வருகிற புகைப்படத்தை ஸ்கேன் செய்து, ஓரம் வெட்டி, நாற்பது கிலோபைட்டுக்குள் அடக்கி, எண் போட்டுத் தளத்தில் ஏற்றுவேன். ஏன் நாற்பது என்றால், பேருந்து நிலையத்தில் டீ விற்பவரும் வாட்ச்மேனும்தான் இந்த முகங்களை எங்கேயாவது பார்ப்பவர்கள். அவர்களுடைய பழைய போனில் படம் சட்டென்று திறக்க வேண்டும். ஏழு வருடத்தில் முந்நூற்று ஐம்பது முகங்கள். ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்தேன். அதில் நாற்பத்தொரு பேர் கிடைத்திருக்கிறார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு வீட்டில் யாரும் இல்லை. அப்பா இருந்தவரை இரண்டு பேர். அவர் போனபின் ஒரு தட்டு, ஒரு டம்ளர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலாளர் அம்மாவிடம் "வரேம்மா" என்று சொன்னால், அடுத்து நான் பேசுவது திங்கட்கிழமை காலையில்தான். முதல் வார்த்தை வரும்போது தொண்டை கரகரவென்றிருக்கும். ஜலதோஷமா என்று கேட்பார். ஆமாம் என்பேன். சனிக்கிழமைகளில் வேலை இல்லாவிட்டாலும் அலுவலகத்துக்குப் போக ஆரம்பித்ததற்கு அதுதான் காரணம். கீழே பேட்டரிக் கடையில் யாராவது யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்கள், அது மாடிவரை கேட்கும்.

அந்தப் புகைப்படத்தைக் கொண்டுவந்த பெண் முதலில் வந்ததும் ஒரு சனிக்கிழமை. சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும். தம்பியைக் காணவில்லை என்றார். தம்பிக்கு இருபத்தேழு. பிறவியிலேயே பேச்சு வராது, காதும் கேட்காது, எழுதப் படிக்கத் தெரியாது. தாய் தகப்பன் இல்லை, இவர்தான் வளர்த்தார். பேருந்து நிலையத்தில் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து, கையில் தன் போனைப் பொம்மைப்படம் பார்க்கக் கொடுத்துவிட்டு, தண்ணீர் வாங்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். போனும் அவனோடு போயிற்று, அதிலிருந்த படங்களும் போயின. அதற்குப் பிறகு அந்த போன் எடுக்கப்படவே இல்லை.

அவரிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு புகைப்படம். தொழிற்சாலையின் அடையாள அட்டைக்கு இவர் படம் எடுக்கப் போனபோது, கூடவே அவனையும் உட்காரவைத்து எடுத்தது. நல்ல படம். இடது புருவத்தில், நடுவில், முடி முளைக்காத மெல்லிய வெட்டு ஒன்று புருவத்தை இரண்டாகப் பிரித்திருந்தது. சின்ன வயதில் ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டதாம். திங்கட்கிழமை மேலாளர் அம்மா விவரங்களை எழுதும்போது அந்த வெட்டைக் குறிக்கவில்லை. "அதான் படத்துலயே பளிச்சுனு தெரியுதே" என்றார். உண்மைதான். நான் அன்று போட்ட முதல் பதிப்பில் பளிச்சென்றுதான் தெரிந்தது. எண் முந்நூற்றுப் பதினேழு. புகைப்படத்தை எங்கள் வழக்கப்படி உறையிலிட்டு இரும்பு அலமாரியில் வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் வந்தார். "அண்ணா, ஏதாச்சும் தகவல் வந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். உடனே எழுந்து போகவில்லை. கீழே சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் இருந்தார். ஒரு நாளைக்கு அறுநூறு காலர் தைப்பதையும், முனை ஒரு நூல் பிசகினால் மேற்பார்வையாளர் அதைத் தூக்கி முகத்துக்கு நேராகக் காட்டுவதையும், தம்பி தொலைந்த பிறகு ஒரு காலர்கூடப் பிசகவில்லை, கை பாட்டுக்குத் தைக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது என்பதையும் சொன்னார். நான் ஜேபெக்கைப் பற்றிச் சொன்னேன். கேட்டார். சும்மா தலையாட்டவில்லை, நடுவில் கேள்வி கேட்டார். "அப்போ ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா தேயுமா, துணி வெளுத்தா தேயுற மாதிரி?" என்றார். ஏழு வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

தப்பாக நினைக்க வேண்டாம். அவர் என்னை அண்ணா என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு அந்த ஒரு மணி நேரம் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது சனிக்கிழமை இரண்டு டீ வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் வரவில்லை. டீ ஆடை கட்டிவிட்டது. படத்தைப் பார்த்துவிட்டு யாரோ சந்தையில் அப்படி ஒருவனைக் கண்டதாகச் சொல்ல, மேலாளர் அம்மா அவரை அங்கே அனுப்பியிருக்கிறார். அது வேறு ஆள். ஆனால் எனக்கு அந்த மத்தியானம் ஒன்று புரிந்தது. தம்பி கிடைத்துவிட்டால் இவருக்கு இந்த மாடிப்படியில் வேலையே கிடையாது. கிடைத்த நாற்பத்தொரு பேரின் குடும்பங்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து, ஐயா நல்லா இருக்கீங்களா என்று கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று சட்டமா என்ன. இரண்டாவது டீயைக் கழுவும் தொட்டியில் ஊற்றினேன்.

திங்கட்கிழமை வந்ததும் முந்நூற்றுப் பதினேழைத் திறந்து, தரத்தை ஒரு படி குறைத்துச் சேமித்தேன். ஒரே ஒரு படி. அப்போது பெரிதாக எதையும் நினைத்துச் செய்ததாக ஞாபகமில்லை. கோப்பு ஆறு கிலோபைட் குறைந்தது, அது நல்லதுதானே என்றுகூட நினைத்தேன். அடுத்த திங்கள் அதையே திறந்து இன்னொரு படி. பிறகு அது, செடிக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி, வாரத்தின் முதல் வேலையாகிவிட்டது. ஐந்தாவது பதிப்பில் புருவத்தின் வெட்டு மங்கியது. எட்டாவதில் அதன் இரு கரைகளும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. பதினாலாவதில் அது முழுப் புருவம். இருபத்திரண்டாவதில் பூசி மெழுகிய முகம், எந்தத் தெருவிலும் பார்க்கக்கூடிய எந்த இளைஞனுக்கும் பொருந்தும். அதற்குமேல் குறைக்க எதுவும் இல்லை, நிறுத்திவிட்டேன். மேலாளர் அம்மாவுக்குத் தெரியவில்லை. முந்நூற்றுச் சொச்சம் முகங்கள், கட்டைவிரல் நகத்தளவு படங்கள், அவர் என்ன செய்வார்.

காலர் தைக்கும் அந்தப் பெண் மட்டும் ஒருமுறை கேட்டார். தளத்தின் பக்கத்தை அச்சுக் கடையில் பிரதி எடுத்து, பேருந்து நிறுத்தங்களில் ஒட்டிவிட்டு வந்திருந்தார். கையில் பசை காய்ந்திருந்தது. "படம் கொஞ்சம் மங்கலா இருக்கே அண்ணா. மிஷின்ல மை சரியில்லையா?" என்றார். பழைய போன்களில் சீக்கிரம் திறப்பதற்காக அப்படி என்றேன். நாற்பது கிலோபைட் கதையைச் சொன்னேன். "உங்களுக்குத் தெரியாததா" என்று விட்டுவிட்டார்.

அந்த மாதங்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் உட்காரும் நாற்காலிப் பக்கமாக மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். அவருக்கு டீயில் சர்க்கரை குறைவாக வேண்டும் என்பதைக் கீழே கடைக்காரரே தெரிந்துவைத்திருந்தார். தம்பியைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுவார். அவனுக்கும் இவருக்கும் மட்டும் ஒரு சைகை மொழி இருந்தது. வேறு யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, வீட்டுக்குள்ளேயே முளைத்தது. இடுப்பில் கை வைத்தால் பசி. கட்டைவிரலைக் கடித்தால் தூக்கம். நெஞ்சு வலித்தால் காதைப் பிடிப்பான். "நெஞ்சுக்கும் காதுக்கும் என்னடா சம்பந்தம்னு நானும் மாத்திப் பாத்தேன், கேக்கவே மாட்டான்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு அழுதார். கைக்குட்டையைக் கொடுத்தேன். "இங்க வந்து உக்காந்தாதான் அண்ணா மனசு கொஞ்சம் லேசாவுது" என்றார். அப்படிச் சொன்னவர் அவர்தான். நான் கேட்டு வாங்கவில்லை.

ஆறாவது மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஊரின் மறுகோடியில் இருக்கும் ஆதரவற்றோர் இல்லத்தின் காப்பாளர் எழுதியிருந்தார். பேச முடியாத ஒருவர் எங்களிடம் இருக்கிறார், மொட்டை அடித்திருக்கிறோம், மெலிந்திருக்கிறார், உங்கள் முந்நூற்றுப் பதினேழு போலவும் தெரிகிறது, இல்லாதது போலவும் தெரிகிறது, எங்கள் ஆளுக்கு இடது புருவம் நடுவில் பிரிந்திருக்கும், தெளிவான படம் இருந்தால் அனுப்பவும். மரியாதையான கடிதம். பிழையில்லாமல் எழுதியிருந்தார்.

இரண்டு நாள் யோசித்தேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவசரப்பட்டுச் செய்தவனில்லை நான். நடுவில் சனிக்கிழமை வந்தது, அவர் வந்தார், டீ குடித்தார், போனார். மின்னஞ்சலைப் பற்றிச் சொல்லவில்லை. திங்கட்கிழமை இருபத்திரண்டாவது பதிப்பைப் பெரிதாக்கி இணைத்து, படம் இணைப்பில் உள்ளது, ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிவிக்கவும் என்று எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. மன்னிக்கவும், இவர் அவரில்லை, புருவம் பொருந்தவில்லை. நான் ஒரு வரிகூடப் பொய் எழுதவில்லை. அந்தக் கடிதங்கள் உங்களிடம் இருக்கின்றன, படித்துப் பார்க்கலாம்.

எட்டாவது மாதம் அதே இல்லத்திலிருந்து, பெயர் தெரியாமல் இறந்தவர் என்று ஒரு படம் வந்தது. அவற்றையும் நாங்கள்தான் தளத்தில் போடுவோம். கூடவே மருத்துவக் குறிப்பு. நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல். மூன்று நாட்களாகக் காதைப் பிடித்துக்கொண்டே இருந்தபடியால் காது வலி என்று கருதிச் சொட்டு மருந்து விடப்பட்டது. அந்த வரியை இரண்டு முறை படித்தேன். காதைப் பிடித்தால் என்ன அர்த்தம் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் காலர் தைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், கல்நெஞ்சக்காரன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அந்தப் படத்தை நான் ஒழுங்காகப் போட்டேன். தரம் உச்சத்தில், ஒரே சேமிப்பு. கண் மூடியிருந்தது, புருவத்தின் வெட்டில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. நாற்பது கிலோபைட்டைத் தாண்டிவிட்டது, தாண்டட்டும் என்று விட்டேன். ஒருவரை வீணாகக் காத்திருக்க வைப்பது பாவம். மறுநாள் காலையிலேயே அவர் அதைத் தளத்தில் பார்த்துவிட்டார். அவரும் மேலாளர் அம்மாவும் இல்லத்துக்குப் போனார்கள். நான் போகவில்லை, அலுவலகத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே.

அடுத்த சனிக்கிழமை வருவார் என்று நினைத்தேன், வந்தார். நான் பயந்தது போல நடக்கவில்லை என்று ஒரு நிம்மதி. இளைத்திருந்தார். டீயைத் தொடவில்லை. "வீட்டுல மாட்டறதுக்கு அவன் படம் ஒண்ணு வேணும் அண்ணா. பெருசா. நீங்கதான் செஞ்சு தரணும்" என்றார்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். என் தொழிலில் இருப்பவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. சுவரில் மாட்டுகிற அளவுக்கு அச்சடிக்க வேண்டுமென்றால் மூல ஸ்கேனிலிருந்துதான் எடுக்க வேண்டும். தேய்ந்ததைக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் இன்று நான் இந்தத் தாளை நிரப்பிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அவருக்குப் போய்ச் சதுரம் சதுரமாக உடைந்த படத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முழுத் தரத்தில், நிறம் சரிசெய்து, பளபளப்பில்லாத தாளில் அச்சடித்து வாங்கிவந்து, நாலு நாள் கழித்து அவர் கையில் கொடுத்தேன். ஏழு வருடத்தில் நான் செய்த மிகச் சிறந்த வேலை அதுதான்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பைக்குள் கையை விட்டு, ஒட்டியதுபோக மிச்சமிருந்த நோட்டீஸ் ஒன்றை எடுத்து, இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். காலர் முனையில் ஒரு நூல் பிசகினாலும் பிடிக்கிற கண் அது. விரலை முதலில் அச்சுப்படத்தின் புருவத்தில் வைத்தார், பிறகு நோட்டீஸில் வைத்தார்.

"இதுல இருக்கு. இதுல இல்லையே அண்ணா."

நான் நோட்டீஸின் சுருங்கிய ஓரத்தை நீவிவிட்டேன்.

"இவ்வளவு தெளிவா உங்ககிட்ட இருந்துச்சா? இத்தனை நாளும்?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல வரவில்லை, அவரிடம் அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. ஜேபெக்கில் சேமிக்கும்போது எது முதலில் போகும் என்று விளக்க ஆரம்பித்தேன். எப்போதும் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வாரம், திங்கட்கிழமை, எல்லாவற்றையும் சொன்னேன். காப்பாளரின் கடிதத்தையும் சொன்னேன். கேள்வி கேட்கவில்லை. முடிந்ததும் அச்சுப்படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு எழுந்தார். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினார். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்தார் என்று பிறகு தெரிந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். அவன் உயிரோடு இருக்கும் இடம் எனக்குத் தெரிந்திருந்தது. பேருந்தில் போனால் ஐம்பது நிமிடம். அவனுடைய சாவை நான் விரும்பவில்லை. கிடைக்காமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். இரண்டும் ஒன்று என்று நீங்கள் சொன்னால் வாதாடப் போவதில்லை, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மற்றபடி இங்கே எனக்குக் குறையொன்றும் இல்லை. பக்கத்து அறையில் ஆட்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நன்றாகக் கேட்கிறது. நேற்றுச் சாயங்காலம் ஒரு படிவம் கொடுத்து, என்னைப் பார்க்க வரக்கூடியவர்களின் பெயரை எழுதச் சொன்னார்கள். ஐந்து பேருக்கு இடம் இருந்தது. நான் ஒன்றுதான் எழுதினேன், உறவுமுறை என்ற கட்டத்தில் தங்கை என்று போட்டேன். அவருக்குக் கோபம் இருக்கும், ஆறக் கொஞ்ச நாளாகும், ஆறியதும் வருவார். அவருக்கும் இப்போது என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.